லூப்பஸ் நோயும் யாழ்ப்பாணத்து வைத்திய வசதியும்

ஒரு நாட்டு மக்கள் ஒரு நோயை எவ்வளவு காலமாக அறிந்து வந்திருக்கிறார்கள் என்பதை, அந்நோய்க்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயரைக் கொண்டு ஒருவாறு துணியலாம். கொப்புளிப்பான், சின்னமுத்து, கூகைக்கட்டு, செங்கமாரி, தொய்வு, சலரோகம் என்னும் சொற்களை யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே அறியாதவர் இலர். பெயர் சொன்ன மாத்திரத்தில் அந்நோய்க்கு என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதும் வீட்டிலுள்ள முதியவர்களுக்கு நினைவுக்கு வரும். பெயர் என்பது வழிகாட்டும் கைமரம் போன்றது.

இத்தகைய பெயர் எதுவும் பெறாத நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்று லூப்பஸ். இலத்தீன் மொழியிலே இச்சொல் ஓநாயைக் குறிக்கும். முகத்திலே தோன்றும் புண் ஓநாய் கடித்தது போன்றிருந்தமையால், ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்பெயரை வழங்கினர் என்பர். இலங்கைக் காடுகளிலே நரி உண்டு, ஓநாய் இல்லை. எனவே இப்பெயர் நம்மவர் செவிக்கு எவ்விதப் பொருளும் தருவதில்லை. நோயோ இங்கே இருக்கின்றது. பெயர் தெரியாத காரணத்தால், அது வாதம் என்றும், இரத்தக் குறைவு என்றும், வெயிற்கொதி என்றும், கிரக தோஷம் என்றும் வெவ்வேறு பெயர்களிலே வீடுகளுள் மறைந்து கிடக்கின்றது.

இந்நோயின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்வது நலம். மனித உடலுக்குள்ளே, வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்த்து அழிக்கும் ஆற்றல் ஒன்று இயற்கையாகவே அமைந்துள்ளது. ஒரு காவற் படையைப் போன்று அது இரவு பகலாக உடலைக் காத்து வருகின்றது. லூப்பஸ் நோயில் இப்படை தன் உடல் இன்னது, பகை இன்னது என்ற வேறுபாட்டை இழந்துவிடுகின்றது. வேலியே பயிரை மேய்ந்தாற் போல, காக்க வேண்டிய ஆற்றலே தோலையும், மூட்டுக்களையும், இரத்தத்தையும், சிறுநீரகத்தையும், சிலரிடத்தில் இருதயத்தையும் மூளையையும் தாக்குகின்றது. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. நோயாளி உண்ட கோப்பையில் உண்பதாலோ, அவர் படுத்த பாயில் படுப்பதாலோ எவருக்கும் இது வராது. பெற்றோர் செய்த பிழையாலும் வருவதன்று.

விட்டு விட்டு வரும் காய்ச்சல், காலையிலே கைவிரல் மூட்டுக்களிற் காணும் வலியும் இறுக்கமும், எவ்வளவு உறங்கினும் தீராத களைப்பு, தலைமயிர் உதிர்தல், வாய்க்குள்ளே ஆறாத புண், வெயிலிற் சென்றால் கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற் போலத் தோன்றும் சிவந்த தடிப்பு ஆகியன இதன் அடையாளங்கள். கருநிறத் தோலில் அச்சிவப்பு எளிதிற் புலப்படாது. கறுத்த படையாகவே தோன்றும். எல்லா அடையாளங்களும் எல்லாரிடத்தும் காணப்படுவதில்லை. ஒருவரிடத்தே ஒரு காலத்திற் சில தோன்றி மறைய, மற்றொரு காலத்தில் வேறு சில தோன்றும். இதுவே நோயைக் கண்டறிவதில் உள்ள பெரிய இடர்ப்பாடு.

இந்நோய் கண்டோரிற் பத்துப்பேருள் ஒன்பதின்மர் பெண்கள். அவர்களுள்ளும் பெரும்பாலார் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். படிக்கும் மகளும், மணம் பேசும் பருவத்துப் பெண்ணும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாயுமே இதன் இலக்காகின்றனர். இங்கிலாந்திலே குடியேறிய தெற்காசிய மக்களிடையே, அந்நாட்டு வெள்ளையரை நோக்க, இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதாக அங்கு நடந்த ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆகவே, இது குளிர் நாட்டவரின் நோய் என்று எண்ணியிருப்பதற்கு இடமில்லை.

இந்நோயின் வரலாறு வைத்திய சாத்திரத்தின் பெருமைகளுள் ஒன்று. 1851இல் பிரெஞ்சு வைத்தியர் கசனாவ் இதற்குத் தனிப்பெயர் வழங்கினார். அவர் இதனைத் தோல் நோய் என்றே கருதினார். 1872இல் வியன்னா நகரத்து வைத்தியர் கப்போசி, இது தோலோடு நிற்பதன்று, உடல் முழுவதையும் பற்றுவது என்று எடுத்துக்காட்டினார். 1895இல் வில்லியம் ஒஸ்லர் உள்ளுறுப்புக்கள் தாக்கப்படும் முறையை விரித்துரைத்தார். 1948இல் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தில் ஹார்கிறேவ்ஸ் என்பவர், இந்நோயாளரிடத்தே காணப்படும் ஒரு தனிவகைக் கலத்தைக் கண்டார். அதன் பின்னரே நோயைப் பரிசோதனையால் உறுதிப்படுத்தும் வழி பிறந்தது. அதே நிலையத்தில் ஹெஞ்ச், கெண்டல் ஆகியோர் கோர்ட்டிசோன் என்னும் மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்து, றைக்ஸ்ரைனுடன் 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர்.

1950களில் இந்நோய் உறுதிப்படுத்தப்பட்டவர்களுள் ஐந்தாண்டு கடந்து உயிர் வாழ்ந்தவர் ஏறத்தாழப் பாதிப்பேரே. இன்று நல்ல வைத்திய வசதி பெறும் இடங்களில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த எல்லையைக் கடந்து வாழ்கின்றனர். நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. அதை அடக்கி வைத்து, படித்து, தொழில் செய்து, பிள்ளை பெற்று வாழும் வழி உண்டு. சாவு என்றிருந்தது வாழ்வாக மாறிவிட்டது. ஆயினும் இம்மாற்றம் நோயாளியின் வாசல் வரை வந்து சேர்ந்தாலன்றி அவருக்கு அதனாற் பயன் என்ன? யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இன்று எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.

இந்நோய்க்குரிய மருந்துகளுள் அடிப்படையானது ஹைட்றொக்சிகுளோறோகுயின் என்னும் மாத்திரை. இதன் கதை இலங்கையருக்கு முற்றிலும் புதியதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டைச் சூறையாடியது; ஏறக்குறைய 80,000 பேர் அதனால் இறந்தனர். அக்காய்ச்சலுக்கெனப் பின்னர் ஆக்கப்பட்ட மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததே இம்மாத்திரையும். 1951இல் இங்கிலாந்து வைத்தியர் பேஜ் என்பவர், மெப்பக்கிறீன் என்னும் மலேரியா மருந்து லூப்பஸ் நோயாளருக்கு நற்பயன் தருவதை வெளியிட்டார். அவ்வழியே வந்த ஹைட்றொக்சிகுளோறோகுயின் இன்றுவரை நிலைத்திருக்கின்றது. 2016ஆம் ஆண்டு இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சலுக்காகப் பிறந்த மருந்தின் கிளை, காய்ச்சல் போன பின்னரும் வேறொரு பணிக்காக இங்கே தேவைப்படுகின்றது. இது பழைய மருந்து, விலை குறைந்தது. உடல் நிறைக்கு ஏற்ற அளவில் நாள்தோறும் உட்கொண்டால், நோய் மீண்டும் மீண்டும் கிளர்வதைக் குறைக்கும். நெடுங்காலம் உட்கொள்வோர் கண் பரிசோதனை மட்டும் ஒழுங்காகச் செய்துகொள்ள வேண்டும். உள்ளுறுப்புக்கள் தாக்கப்படும் போது ஸ்டீரோயிட் மருந்தும், அதனுடன் அசதயோப்பிறின், மைக்கோபினோலேற் போன்ற வேறு மருந்துகளும் வைத்தியரின் மேற்பார்வையிலே கொடுக்கப்படும்.

மருந்தும் அறிவும் இருக்க, தடை எங்கே இருக்கின்றது? யாழ்ப்பாணத்தின் வைத்திய வரலாறு சிறியதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் எழுந்த நட்புறவுச் சங்க வைத்தியசாலை, 1907இல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்து, இன்று போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியது. 2018இல் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வந்து சேரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வட மாகாணத்துக்கும் கிடைத்தது. இவ்வளவும் பெரும் பேறுகள்.

ஆனால், அம்புலன்ஸ் வண்டி ஓரிரவு ஆபத்துக்கு உதவுவது. லூப்பஸ் ஓரிரவு நோயன்று. மாதந்தோறும், ஆண்டுதோறும், வாழ்நாள் முழுவதும் வைத்தியரோடு தொடர்பு அறாமல் இருக்க வேண்டிய நோய் இது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். நெடுந்தீவில் இருப்பவரோ, ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் வந்து குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். காற்றும் கடலும் மாறுபட்டால் அன்றைய பயணமே இல்லை. மூட்டு வலியுள்ள பெண் விடியற் காலையில் எழுந்து, வெயில் ஏறிய நேரத்தில் வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, மருந்து வாங்கித் திரும்பும் போது மாலையாகிவிடும். வைத்தியம் இலவசமே; அந்த நாட்கூலி இலவசமன்று. துணைக்கு வந்தவரின் கூலியும் சேர்ந்து போகின்றது. ஒரு மாதம் போகாமல் விடுவது இவ்வாறே தொடங்கும். மாத்திரை முடிந்த பின்னர் இரண்டாம் மாதமும் கழியும். உடல் சற்றுத் தேறியிருந்தால், இனி வேண்டுவதில்லை என்ற எண்ணமும் வந்துவிடும்.

தொடர்பு அறுவதன் கேட்டை இக்குடாநாடு வேறெந்தப் பகுதியைக் காட்டிலும் நன்கு அறியும். 1990இல் ஏ-9 பாதை மூடப்பட்டு 2002இல் திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு 2009இல் திறக்கப்பட்டது. அக்காலங்களில் மருந்துக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்த மக்கள், மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதைப் பிறர் சொல்லக் கேட்க வேண்டியவர்கள் அல்லர்.

இனி, இந்நோயிற் கவனிக்க வேண்டிய இன்றியமையாத ஓர் உண்மையைக் கூற வேண்டும். மூட்டு வலி நோயாளியைத் துன்புறுத்தும். ஆனால் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அதுவன்று. லூப்பஸ் நோயாளருள் மூவரில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாகின்றனர். சிறுநீரகமோ வலித்து முறையிடும் உறுப்பன்று. அது சத்தமின்றிக் கெடும். கால் வீங்கி, முகம் ஊதி, மூச்சு முட்டும் போதுதான் வீட்டார் பதறுவர். அதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி அழிந்திருத்தல் கூடும். அதன் பின் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இருமுறை மும்முறை வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய வாழ்வே எஞ்சும்.

இப்பெருங் கேட்டை முன்கூட்டியே அறிவிக்கும் பரிசோதனைகள் இரண்டு. சிறுநீரிற் புரதமோ இரத்தமோ கலந்திருக்கின்றதா என்று பார்ப்பது ஒன்று. இரத்த அழுத்தத்தை அளப்பது மற்றொன்று. இவற்றுக்குப் பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை. பெரிய பட்டமும் வேண்டுவதில்லை. சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் ஒரு கீற்றும், கையிற் கட்டி அளக்கும் ஒரு கருவியும் போதும். நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கும் முதற் காவல், செலவிலே மிகக் குறைந்த பரிசோதனையாக இருப்பது நற்பேறு அன்றோ!

இப்பரிசோதனைகள் குடாநாட்டின் கிராமங்களுக்குப் புதியனவுமல்ல. கர்ப்பிணித் தாய்மாருக்கு அவை தாய் சேய் நல நிலையங்களிலே நடந்து வருகின்றன. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாதரைக் கொண்டே இலங்கை தன் தாய்மாரைக் காத்து வந்தது. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்களுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை சில பத்துக்களாகக் குறைந்திருப்பதை உலக நாடுகள் வியந்து பேசுகின்றன. அச்சாதனையை நிகழ்த்தியதில் நகரத்துப் பெரிய வைத்தியசாலைகளுக்குப் பங்குண்டு. ஒழுங்கையிலே சைக்கிளில் வந்து படலையைத் தட்டிய மருத்துவ மாதுக்கும் அதற்குக் குறையாத பங்குண்டு.

கர்ப்பிணிக்கு இயன்றது லூப்பஸ் நோயாளிக்கு இயலாதோ? கிராமத்துக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாதம் ஒருமுறை சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டால், நோயாளி நெடுந்தூரம் செல்ல வேண்டிய நாட்கள் குறையும். நோய் அடங்கியிருப்பவருக்கு நிபுணரைக் காண்பது சில மாதங்களுக்கு ஒருமுறை போதுமாகலாம். பரிசோதனையில் மாறுபாடு கண்டவுடன், குறித்த தவணை வரும்வரை காத்திராமல் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு வேண்டுவது புதிய கட்டடமன்று. கீழுள்ள வைத்தியருக்கும் மேலுள்ள நிபுணருக்கும் இடையே தெளிவான ஓர் ஏற்பாடே வேண்டும். எந்த அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் அனுப்புவது, யாரிடம் அனுப்புவது என்பவை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு நிலையத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

நீரிழிவையும் உயர் அழுத்தத்தையும் கண்டறிவதற்கெனப் பிரதேசந்தோறும் அமைந்துள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நல்ல பணியாற்றுகின்றன. ஆயின் அவை நடுவயதை அடைந்தோரையே முதன்மையாகக் கருதி எழுந்தவை. லூப்பஸோ அவ்வயது வருவதற்கு முன்னரே வந்து தாக்குகின்றது. இருபது வயதுப் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பானேன் என்று எவரும் எண்ணும் அந்த இடைவெளியிலேதான் இந்நோய் ஒளிந்திருக்கின்றது. காரணம் புலப்படாத காய்ச்சலோடும் மூட்டு வலியோடும் வரும் இளம் பெண்ணுக்குச் சிறுநீர் பரிசோதிப்பது ஒரு வழக்கமாகிவிட்டால், பல குடும்பங்களின் கண்ணீர் துடைக்கப்படும்.

அடுத்தபடியாக மருந்தின் தொடர்ச்சி. பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையால் 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், இன்றியமையாத மருந்துகளை மலிவாகப் பெறும் வழியை இந்நாட்டுக்குக் காட்டியது. அவ்வழியிலும் இடையூறுகள் நேர்ந்ததுண்டு. 2020இல் கொரோனாத் தொற்றுக்கு ஹைட்றொக்சிகுளோறோகுயின் மருந்தாகும் என்ற பேச்சுப் பரவியதும், உலகெங்கும் மக்கள் அதனை வாங்கிக் குவித்தனர். அது அத்தொற்றுக்குப் பயன்படாது என்று ஆய்வுகள் காட்டின. அதற்கிடையில் பல நாடுகளின் லூப்பஸ் நோயாளர் தம் நாளாந்த மாத்திரைக்குத் திண்டாடினர். 2022இல் அந்நியச் செலாவணி வற்றிய போது, இலங்கை முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இவற்றிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு. இடைவிடாது உட்கொள்ள வேண்டிய மருந்துக்குக் கையிருப்பு வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்நோயாளர் எத்தனை பேர், அவர்களுக்கு மாதம் எத்தனை மாத்திரை வேண்டும் என்ற கணக்கு இருந்தாலன்றிக் கையிருப்பு வைக்க இயலாது. ஆகவே நோயாளர் பதிவேடு ஒன்று முதலில் வேண்டும்.

நோயாளரும் அறிந்திருக்க வேண்டியவை உண்டு. ஸ்டீரோயிட் மாத்திரையால் முகம் பருக்கின்றது, உடல் பெருக்கின்றது என்று அஞ்சி அதனைத் திடீரென நிறுத்துவோர் பலர். நெடுநாள் உட்கொண்ட அம்மருந்தை ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் சொற்படி படிப்படியாகக் குறைப்பதே முறை. சிறுநீர் நுரைத்துப் போதல், கால் வீக்கம், நெஞ்சு வலி, வலிப்பு, குறையாத காய்ச்சல் ஆகியன தோன்றின் தவணைக்குக் காத்திருத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஆவணித் தோட்ட வெயிலிலும் வைகாசி வெயிலிலும் வெங்காயம் நடுவதும் மிளகாய் ஆய்வதும் பெண்கள் செய்யும் தொழில்கள். சூரிய ஒளி இந்நோயைக் கிளறிவிடும். காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் வேலையை வைத்துக்கொள்வதும், நீண்ட கைச்சட்டையும் அகன்ற பனையோலைத் தொப்பியும் அணிவதும் எளிய காப்புக்கள். விலையுயர்ந்த களிம்பு வாங்க வசதியில்லாதவருக்கும் இவை கைகூடும்.

இவ்விடத்தில், வீட்டார் வாய்திறந்து பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. மகளுக்கு நோய் என்று வெளியிலே தெரிந்தால் கலியாணம் தடைப்படும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைப் பழிப்பதாற் பயனில்லை; இச்சமுதாயத்தில் அதற்குக் காரணம் இருக்கின்றது. ஆனால் மறைப்பதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். மணமகன் வீட்டிலே மாத்திரையை ஒளித்து வைத்து உண்ணும் பெண், சில நாளில் உண்பதையே விட்டுவிடுகிறாள். கிளினிக்குக்குச் செல்லக் காரணம் சொல்ல முடியாமல் அதையும் நிறுத்துகிறாள். நோய் அடங்காத நிலையிலே கருவுறுகிறாள். தாயும் சேயும் ஒருங்கே ஆபத்துக்கு உள்ளாகும் வழி இதுவே.

உண்மையில், லூப்பஸ் உள்ள பெண் தாயாகக் கூடாது என்ற விதி இல்லை. நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின்னர், வைத்தியரைக் கேட்டுத் திட்டமிட்டுக் கருவுற்றால், பெரும்பாலார் நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். மைக்கோபினோலேற் போன்ற சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்றொக்சிகுளோறோகுயினையோ கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டும். புதுமணத் தம்பதியரைப் பதிவு செய்து ஆலோசனை கூறும் பொறுப்பு மருத்துவ மாதிடம் ஏற்கெனவே இருக்கின்றது. அவர் அப்பெண்ணைத் தனித்துக் கண்டு, நெடுநாளாக உட்கொள்ளும் மருந்து ஏதேனும் உண்டா என்று பரிவோடு கேட்பாராயின், ஓர் உயிரேனும் இரண்டு உயிரேனும் காக்கப்படலாம். கேட்டறிந்ததைப் பிறர் செவிக்கு எட்டாமற் காப்பதும் அக்கடமையின் பகுதியே.

பாடசாலைகளுக்கும் இதிற் பங்குண்டு. மாணவி ஒருத்தி மாதக்கணக்கில் வரவு குன்றி, எழுதும் போது விரல் வலிக்கின்றது என்றும், காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்றால் மயக்கம் வருகின்றது என்றும் கூறினால், அதனைச் சோம்பல் என்று முடிவு கட்டுதல் தகாது. வரவுப் பதிவேடு சிலவேளைகளில் நோய்ப் பதிவேடாகவும் அமையும். பாடசாலை வைத்திய பரிசோதனைக்கு வரும் சுகாதார அதிகாரியிடம் அம்மாணவியின் பெயரைக் கூறுவது ஆசிரியர் செய்யக்கூடிய உதவி. நோய் உறுதியானவளுக்கு நிழலில் இருக்கை அளிப்பதும், கிளினிக் நாளன்று விடுபட்ட பாடத்தை மறுநாள் கற்பிப்பதும் பெருஞ் செலவு பிடிப்பனவல்ல. படிப்பு நின்ற பெண்ணுக்குப் பின்னாளில் மருந்தும் நிற்கும் என்பதை மறத்தலாகாது.

சித்த வைத்தியர்களையும் இவ்வேற்பாட்டில் இணைத்துக்கொள்ளல் வேண்டும். மூட்டு வலி கண்டதும் மக்கள் முதலில் நாடுவது பலவேளைகளில் பரம்பரை வைத்தியரையே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் பயிற்றப்படுகின்றது. கைதடியிலே சித்த போதனா வைத்தியசாலை இயங்குகின்றது. இன்ன இன்ன அடையாளங்கள் கண்டால் நோயாளியை இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்புக என்பது இரு துறையாருக்கும் பொதுவான விதியாக அமைந்துவிட்டால், நோயாளி இரண்டுக்கும் இடையே அலைந்து காலத்தைப் போக்க நேரிடாது. முன்னர் கொடுக்கப்பட்ட மாத்திரையை நிறுத்தும்படி எவரும் கூறாதிருப்பதும் முக்கியம்.

வருடந்தோறும் மே மாதம் 10ஆம் தேதியை உலக லூப்பஸ் தினமாக 2004 முதல் பல நாடுகள் கொண்டாடி வருகின்றன. அன்று விளக்கேற்றிப் பேசிக் கலைவதோடு நில்லாமல், இந்நோயைப் பற்றிய எளிய தமிழ்க் கைந்நூல் ஒன்று ஒவ்வொரு நோயாளியின் கையிலும் சேருமாயின் அத்தினம் பயன் பெறும். மருந்தின் பெயர், அளவு, நிறுத்தக் கூடாதவை, உடனே வரவேண்டிய அடையாளங்கள், அருகிலுள்ள நிலையம் என்பன அதில் இருந்தாற் போதும். வைத்தியம் நோயாளியின் மொழியில் பேச வேண்டும் என்பதை 1864ஆம் ஆண்டிலேயே உணர்ந்து, டாக்டர் கிறீன் தமிழிலே வகுப்பு நடத்தினார். அதற்கென வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். அவர் காலத்தில் லூப்பஸுக்கு மருந்து இருக்கவில்லை. மருந்துள்ள இக்காலத்தில், அந்நோயைத் தமிழில் விளக்கும் பணி மிஞ்சியிருக்கின்றது.

ஆகவே, செய்ய வேண்டியவை பலவாகத் தோன்றினும் அவற்றின் சாரம் சிறிது. நோயின் பெயரை ஊரறியச் செய்தல், மாதம் ஒருமுறை சிறுநீரும் இரத்த அழுத்தமும் ஊருக்கு அருகிலேயே பார்க்கப்படுதல், மாத்திரை ஒரு நாளும் தடைப்படாதிருத்தல், நோயுற்ற பெண்ணை வீட்டாரும் ஊராரும் தனித்து விடாதிருத்தல் என்னும் இந்நான்கும் கூடுமாயின், நெடுந்தீவுப் பெண்ணும் பருத்தித்துறைப் பெண்ணும் நகரத்துப் பெண்ணுக்கு நிகரான ஆயுளை எதிர்பார்க்கலாம். இவற்றுள் எதுவும் இந்நாட்டின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. தாய்மாரைக் காத்த அதே கைகள் இவர்களையும் காக்க வல்லன.